மீமாறுநிலை கார்பன் டை ஆக்சைடில் மஞ்சள் எண்ணெய் வருகிறது, குர்குமின் வரவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். இதுவரை அசிட்டோனைக் கொண்டு மஞ்சளின் நிறமியான குர்குமினை எடுத்துவந்த எங்கள் சிறிய ஆய்வுக்கூடம், கரைப்பான் எச்சம் பற்றிய கவலையே வேண்டாம் என்று மீமாறுநிலை (வாயு, திரவம் என்ற வேறுபாடு மறையும் நிலை) கார்பன் டை ஆக்சைடுக்கு மாறியுள்ளது. அரைத்த விரலி மஞ்சளை 300 பார் அழுத்தத்தில், 45 டிகிரி செல்சியஸில் ஓட்டுகிறோம். நல்ல மணமுள்ள வெளிர்மஞ்சள் எண்ணெய் சேருகிறது. ஆனால் 425 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால் அதில் குர்குமின் மிகக் குறைவு. கலத்தில் எஞ்சும் தூளின் நிறம் சற்றும் மங்கவில்லை. 350 பாருக்கு உயர்த்தியும் பயனில்லை. அழுத்தம் இறக்கும் வால்வும் அடிக்கடி உறைந்து, ஓட்டம் விட்டுவிட்டு வருகிறது.

மறுமொழி:
கருவியில் பழுதில்லை ஐயா. 31 டிகிரி, 74 பார் என்ற மாறுநிலையைத் தாண்டிய கார்பன் டை ஆக்சைடு, வாயுவைப் போலத் தூளுக்குள் ஊடுருவினாலும், கரைக்கும் தன்மையில் ஹெக்சேனை ஒத்தது. டர்மரோன் போன்ற எண்ணெய்ப் பொருள்கள் அதில் எளிதில் கரையும். பீனால் தொகுதிகளைக் கொண்ட, 183 டிகிரியில்தான் உருகும் படிகமான குர்குமின் கரையாது. 40 டிகிரியில் 100 பாரிலிருந்து 300 பாருக்குப் போனால் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 630 கிராமிலிருந்து 910 கிராமாக உயர்கிறது. அதற்குமேல் அழுத்தத்தைக் கூட்டினாலும் அடர்த்தி சிறிதளவே ஏறும், குர்குமினைக் கரைக்கத் தேவையான முனைவுத்தன்மையும் (மூலக்கூறில் மின்னூட்டம் சமமின்றிப் பரவியிருக்கும் தன்மை) வந்துவிடாது. காபிக் கொட்டையிலிருந்து காஃபீனை எடுக்கும்போதுகூட, கொட்டையை முதலில் நீரில் ஊறவைக்கிறார்கள். குர்குமின் நீரிலும் கரையாது என்பதால் அந்த வழி உங்களுக்கு உதவாது.

எத்தனாலை இணைக் கரைப்பானாகச் சேர்த்தால் விளைச்சல் கூடும். ஆயினும் நான் பரிந்துரைப்பது இரண்டு கட்ட முறை: தூய கார்பன் டை ஆக்சைடால் எண்ணெயை முழுதும் எடுத்துவிட்டு, எஞ்சிய தூளை எத்தனாலால் பிரித்தெடுங்கள். எண்ணெய் நீங்கிய தூளிலிருந்து வரும் குர்குமினைப் படிகமாக்குவது எளிது. எத்தனாலையும் குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்து மீண்டும் பயன்படுத்தலாம்.

மற்றொரு மறுமொழி:
வால்வு உறைவதற்குக் காரணம், விரிவடையும் வாயு தானே குளிர்வதுதான். வால்வைச் சுற்றி வெப்ப உறை பொருத்தி 60 டிகிரி அளவில் வைத்திருங்கள். தூளையும் நன்றாக உலர்த்துங்கள், ஈரம் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். வெளியேறும் வாயு காற்றைவிடக் கனமானது, தரைமட்டத்தில் தேங்கும். ஆகவே அறையில் கார்பன் டை ஆக்சைடு அளவி இல்லாமல் தயவுசெய்து ஓட்டாதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வெப்ப உறை பொருத்தியபின் ஓட்டம் சீராகிவிட்டது. அளவியும் வாங்கச் சொல்லியுள்ளோம். அது வந்ததும் இரண்டு கட்ட முறையைத் தொடங்குகிறோம்.