பட்டனில் 'சேமி'யா, 'சேமிக்கவும்' என்பதா?

அஸ்தம்பட்டிக்காரன்:
செவ்வாய்ப்பேட்டை மண்டி ஒன்றுக்கு பில் போடும் ஆப் செய்து கொடுத்தேன். பட்டன்களில் 'சேமி', 'அழி', 'அனுப்பு'. முதலாளிக்கு 60 வயது. "ஏன் தம்பி, உங்க ஆப்பு என்னை வாடா போடாங்குது?" என்றார். எல்லாவற்றையும் 'சேமிக்கவும்' பாணிக்கு மாற்றப் போகிறேன். மறுப்பு உண்டா?

கொண்டைஊசி20:
உண்டு. பட்டன் முதலாளியிடம் பேசவில்லை. முதலாளிதான் ஆப்பிடம் பேசுகிறார், கல்லாவில் உட்கார்ந்து கடைப்பையனிடம் 'அந்தச் சிட்டையை எடு' என்பது போல. அதற்கு ஏவல்தான் சரி. ஆப் அவரிடம் பேசும் இடம் வேறு: 'கைபேசி எண்ணைத் தாருங்கள்'. அங்கே மரியாதை கட்டாயம்.

மாங்கொட்டை:
இலக்கணம் பார்த்தா அவர் பட்டனைத் தொடுகிறார்? 'சேமிக்க' என்று வையுங்கள். 'சேமிப்பதற்கு' என்ற பொருளில் எச்சமாகவும் படிக்கலாம், கடிதத்தில் 'நிற்க' எழுதுவோமே, அந்த மாதிரி மரியாதையாகச் சொல்லும் வியங்கோளாகவும் படிக்கலாம். யாரையும் ஒருமையில் கூப்பிடாது.

கொண்டைஊசி20:
'அனுப்பு'வை என்ன செய்வீர்கள்? 'அனுப்ப' எச்சம் மட்டும்தான், வியங்கோள் 'அனுப்புக'. ஒரே திரையில் இரண்டு சாயல் வரும்.

மாங்கொட்டை:
வரட்டுமே. திட்டு வாங்குவதைவிட மேல்.

ஓமலூர்வாசி:
மரியாதையை விடுங்கள், வாக்கியம் புரிகிறதா என்று பாருங்கள். ஏற்காட்டில் ஒரு விடுதியின் ஆப், 'முன்பதிவை ரத்து செய்யவா?' என்று கேட்டது. கீழே 'சரி', 'ரத்து'. நான் 'ரத்து' தொட்டேன். அந்த ஆப்புக்கு அது 'கேள்வியே வேண்டாம்' என்று அர்த்தமாம். அறை அப்படியே இருந்தது, பணமும் போச்சு. 'ஆமாம், ரத்து செய்' என்றும் 'வேண்டாம், இருக்கட்டும்' என்றும் போட்டிருந்தால் தீர்ந்தது.
அப்புறம் அந்த 'க்கு' வியாதி. ஊர்ப்பெயரோடு ஒரே 'க்கு'வை ஒட்டி 'சேலம்க்கு', 'ஏற்காடுக்கு' என்கிறார்கள். சேலத்துக்கு, ஏற்காட்டுக்கு, ஓமலூருக்கு, சங்ககிரிக்கு: ஒவ்வொன்றும் ஒரு விதமாக மாறும். நிரலில் அத்தனை விதியும் எழுத முடியாவிட்டால் வேற்றுமை உருபே வராதபடி 'சேரும் ஊர்: ஏற்காடு' என்று போடலாமே.

அஸ்தம்பட்டிக்காரன்:
ஐயோ, என் பில்லிலும் 'சேலம்க்கு' இருக்கிறது. இன்றே மாற்றுகிறேன்.
மண்டியில் இரண்டு விதமும் காட்டிவிட்டு வந்தேன். 'சேமி' பரவாயில்லையாம். காலையில் கடை திறந்ததும் 'அழி' என்ற சொல்தான் கண்ணில் படக்கூடாதாம். 'நீக்கு' என்று வைத்துவிட்டேன்.