பவர்பாயிண்டில் மயிலைத் திருப்பினால் தலைகீழாகிறது, உதவி தேவை

பட்டர்வொர்த் டீச்சர்:
வணக்கம். வரும் சனிக்கிழமை ஜோர்ஜ்டவுனில் எங்கள் பிள்ளைகளின் பரதநாட்டிய நிகழ்ச்சி. மேடைத் திரையில் ஓடவிட ஸ்லைடு செய்துகொண்டிருக்கிறேன். முதல் ஸ்லைடில் இரண்டு ஓரத்திலும் மயில் வேண்டும். கையில் இருப்பதோ வலப்பக்கம் பார்க்கும் ஒரே மயில். அதை நகலெடுத்து, படத்துக்கு மேலே தெரியும் வட்ட அம்புக்குறியைப் பிடித்துச் சுழற்றினால் தலைகீழாகத் தொங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்க என்ன செய்வது?

பிறைவாசி:
டீச்சர், அந்த அம்புக்குறி படத்தைச் சுற்றத்தான் செய்யும். 180 டிகிரி சுற்றினால் இடம் வலமாகும்போதே மேலும் கீழாகிவிடும். உங்களுக்கு வேண்டியது ஃபிளிப். மயிலைக் கிளிக் செய்தால் மேலே பிக்சர் ஃபார்மேட் வரும். அதில் ரொட்டேட், அதற்குள் ஃபிளிப் ஹரிசாண்டல். வெர்ட்டிக்கல் பக்கம் போகாதீர்கள், மறுபடி தலைகீழ்தான். நகலெடுக்க கன்ட்ரோல் + டி போதும். கூகுள் ஸ்லைட்ஸ் என்றால் அரேஞ்ச் மெனுவில் ரொட்டேட்டுக்குள் இதே இருக்கிறது.

படத்தின் பக்கவாட்டுப் புள்ளியை எதிர் விளிம்பையும் தாண்டி இழுத்தாலும் திரும்பும். ஆனால் அகலம் கெட்டுப்போய் மயில் வாத்து மாதிரி ஆகிவிடும்.

பட்டர்வொர்த் டீச்சர்:
மயில் சரியாகிவிட்டது, நன்றி தம்பி. இன்னொன்று. இரண்டாவது ஸ்லைடில் நடராஜர் இடப்பக்கம், பிள்ளைகளின் பெயர்கள் வலப்பக்கம். மூன்றாவதில் அதையே இடம் மாற்றிப் போட, எல்லாவற்றையும் குரூப் செய்து ஃபிளிப் கொடுத்தேன். எழுத்து நேராகவே இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன், சரிதானே?

தண்ணீர்மலை அக்கா:
எழுத்து சரி, நடராஜரைப் பாருங்கள் டீச்சர். தூக்கிய கால் வலக்காலாகிவிட்டது. உடுக்கை இடக்கைக்கும் தீ வலக்கைக்கும் போய்விட்டன. வலக்கால் தூக்கி ஆடுவது மதுரை வெள்ளியம்பலத்தில். உங்கள் படம் அதுவல்ல. நாட்டியம் தெரிந்தவர் சபையில் ஒருவர் இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

குரூப்பை இடவலமாகத் திருப்பும்போது டெக்ஸ்ட் பாக்ஸ் எழுத்தை பவர்பாயிண்ட் நேராக விட்டுவிடும், படத்தை விடாது. அதனால்தான் பார்த்தவுடன் தெரியவில்லை. குரூப்பைக் கிளிக் செய்து, பிறகு நடராஜரை மட்டும் இன்னொரு முறை கிளிக் செய்து மறுபடி ஃபிளிப் ஹரிசாண்டல் கொடுங்கள். இடம் மாறாது, கால் மட்டும் பழையபடி ஆகும். பிள்ளையார் படம் வைத்திருந்தால் அதையும் பாருங்கள், இடம்புரி வலம்புரியாகியிருக்கும். புகைப்படத்துக்குள்ளேயே இருக்கும் பேனர் எழுத்தும் அப்படித்தான், கண்ணாடியில் பார்ப்பது மாதிரி புரண்டுவிடும்.

பிறைவாசி:
அக்கா சொல்வது சரி. என்னைக் கேட்டால் சாமி படத்தில் ஃபிளிப்பே வேண்டாம், இடத்தை மட்டும் நகர்த்துங்கள். குத்துவிளக்கு, வாழைமரம், தோரணத்தை எப்படித் திருப்பினாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

பட்டர்வொர்த் டீச்சர்:
நல்ல வேளை கேட்டேன். கடைசியாக ஒன்று. மண்டபத்தில் புரொஜெக்டரைத் திரைக்குப் பின்னால் வைப்பார்களாம். சபைக்கு எல்லாம் இடவலம் மாறித் தெரியுமே, எல்லா ஸ்லைடையும் ஃபிளிப் செய்ய வேண்டுமா?

பிறைவாசி:
ஐயோ, ஒன்றையும் தொடாதீர்கள்! முழு ஸ்லைடையும் திருப்ப பவர்பாயிண்டில் பட்டன் கிடையாது. ஒவ்வொரு படமாகத் திருப்பினாலும் எழுத்து மாட்டிக்கொள்ளும். அது புரொஜெக்டரின் வேலை. அதன் மெனுவில் ஃப்ரண்ட், ரியர் என்று இருக்கும். ரியர் வைத்தால் அதுவே மொத்தப் படத்தையும் திருப்பி அனுப்பும். கூரையில் தலைகீழாக மாட்டியிருந்தால் ரியர் சீலிங். பெயர்கள் உள்ள ஸ்லைடைப் போட்டு, சபை நாற்காலிப் பக்கமிருந்து படித்துப் பாருங்கள். மயிலை வைத்துச் சோதிக்காதீர்கள், இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும்.

பட்டர்வொர்த் டீச்சர்:
நடராஜர் கால் மாற்றியாச்சு. புரொஜெக்டர் ரிமோட் யாரிடம் இருக்கிறது என்று மண்டபத்தில் நாளைக்கே கேட்டுவைக்கிறேன்.