புதுப்பிப்பு: மாமாவின் மூளைக்கட்டி, சத்திரசிகிச்சை முடிந்தது

மூளையின் நடுவிலுள்ள, நீர் நிறைந்த மூன்றாவது அறையில் கிளிநொச்சி மாமாவுக்குக் கட்டி, அவ்வளவு ஆழத்துக்கு எப்படிப் போவார்கள் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கொழும்பில் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

டொக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, மண்டையோட்டைத் திறந்து, மூளையின் இரு பாதிகளுக்கும் இடையிலுள்ள இடுக்கால் இறங்கி, அவற்றை இணைக்கும் நரம்புப் பாலத்தில் சிறு வெட்டுப் போட்டு உள்ளே போவது. மற்றது, நெற்றிக்கு மேலே ஒரு துளையிட்டு, கமரா பொருத்திய மெல்லிய குழாயான எண்டோஸ்கோப்பை விடுவது. மாமாவுக்கு நீர் அடைபட்டு மூளையறைகள் வீங்கியிருந்ததால் குழாய்க்கு இடமிருந்தது; இரண்டாவதையே எடுத்தார்கள். அறைகள் ஒடுங்கியிருந்தால் அது கடினமாம். கட்டியின் சுவரில் மிச்சம் இருந்துவிட்டால் திரும்ப வளரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அந்த நேர்மை பிடித்தது.

எங்களுக்குப் பெரிய பயம் ஞாபகசக்திதான். மூன்றாவது அறைக்குள் நுழையும் வாசலை ஒட்டியே போர்னிக்ஸ் என்ற நினைவு நரம்புக்கற்றை போகிறது, அதில் பட்டால் புதியவை மனதில் நிற்காது. கண் விழித்த மாமா மாமியிடம் கேட்டது, ஊர்க் குளம் நிரம்பி வழிகிறதா என்றுதான்: "இரணைமடு வான் பாயுதோ?" மாமி அழுதே விட்டா. பின்னேரம், அவ சொன்ன பதிலை அவரே எனக்குத் திருப்பிச் சொன்னார்.

கட்டி புற்றுநோயில்லாத கொலோயிட் வகை, அதாவது பசை போன்ற திரவம் நிறைந்த ஒரு பை. அடுத்த எம்.ஆர்.ஐ. முடிந்ததும் எழுதுகிறேன்.