பொருள்: டவுன்ஃபோர்ஸ் – கீழ்விசையா, அமுக்குவிசையா, படிவிசையா?

எல்லாருக்கும் வணக்கமுங்க.

அடுத்த மாதம் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் 'நாளைய பந்தயக் கார்' என்று வடிவமைப்புப் போட்டி. பசங்க மாடல் செய்து கொண்டுவந்து தமிழில் விளக்க வேண்டும். நடுவர்களில் நானும் ஒருத்தன். மதிப்பெண் தாளைத் தமிழில் அடிக்க உட்கார்ந்தால் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன், ஓடும் காரைக் காற்று தரையோடு அழுத்துகிற டவுன்ஃபோர்ஸுக்கு என்ன எழுதுவது?

நம் குழுவில் ஏற்கெனவே கீழ்விசை, எதிர்த்தூக்கல், அமுக்குவிசை என்று மூன்று சொல் வந்திருக்கிறது. கீழ்விசை எனக்குச் சுத்தமாக ஒத்துவரவில்லை. எடையும் கீழ்நோக்கித்தானே இழுக்கிறது? டிக்கியில் நாலு மூட்டை சிமென்ட் ஏற்றினாலும் கீழ்விசை கூடும். ஆனால் வளைவில் அந்த மூட்டைகளையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டும், டயருக்குக் கூடுதலாகக் கிடைத்த பிடியெல்லாம் அதற்கே செலவாகிவிடும். காற்று கொடுப்பது எடை ஏறாமல் கிடைக்கும் பிடி. பந்தயக் காரின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. 'பேட்டரி கனமானது, அதனால் கீழ்விசை அதிகம்' என்று ஒரு பையன் சொன்னால், இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவனுக்கு எப்படி மார்க்கைக் குறைப்பேன்?

எதிர்த்தூக்கல் பாடப்புத்தகத்துக்கு நல்லது. விமான இறக்கையைக் கவிழ்த்துப் போட்ட கதைதான் அது, 1968இல் ஃபார்முலா ஒன் கார்களில் இறக்கை வந்தபோது அந்தச் சொல் சரியாகப் பொருந்தியிருக்கும். பத்து வருஷத்தில் விஷயம் காரின் அடிவயிற்றுக்குப் போய்விட்டது. லோட்டஸ் 79 தன் பக்கவாட்டுப் பெட்டிகளின் அடிப்பாகத்தைக் கவிழ்த்த இறக்கை மாதிரி வளைத்து, ஓரத்தில் தரையைத் தொடும் தடுப்பு வைத்து, அடியில் காற்றை வேகமாக ஓடவிட்டு 1978 பட்டத்தை அடித்தது. அதே வருஷம் ஸ்வீடன் பந்தயத்தில் பிராபாம் பிடி46பி பின்னால் ஒரு பெரிய விசிறியோடு வந்தது. இஞ்சினைக் குளிர்விக்கத்தான் என்று சொல்லிக்கொண்டார்கள், சரி, யார் நம்பினார்கள்! நிறுத்தி வைத்த காரில் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால் வண்டி அப்படியே தரையோடு படியும். அதை ஓட்டிய நிக்கி லௌடா ஜெயித்தார், அந்த ஒரு பந்தயத்தோடு காரை மூட்டை கட்டிவிட்டார்கள். இறக்கையே வேலை செய்யாத இடத்தில், கார் நகராமல் நிற்கும்போதுகூடப் பிறக்கிற விசையை எதிர்த்தூக்கல் என்றால் கேட்கிறவனுக்கு என்ன புரியும்?

அதனால்தான் படிவிசை என்கிறேன். பட்டறையில் 'வண்டி ரோட்டோட நல்லா படிஞ்சு போகுது' என்று சொல்கிறோமே, அந்தப் படிதல். இறக்கையோ அடித்தளமோ விசிறியோ எதனால் வந்தாலும் பொருந்தும். படிவிசை கூடியது, படிவிசையை இழந்தது, முன்படிவிசை, பின்படிவிசை என்று எப்படிப் புழங்கினாலும் நாக்கில் இடறாது.

இந்தக் கடைசி இரண்டும் எனக்கு முக்கியம். போன தடவை ஒரு மாடல் பார்த்தேன், தெர்மாகோலில் செதுக்கிப் பட்டி பார்த்து, வெள்ளி பெயின்ட் அடித்து, பார்க்க அம்சமாக இருந்தது. பின்இறக்கையை இஞ்சின் மூடிக்கு ஒட்டினாற்போல, அதற்கும் கீழே இறக்கி வைத்திருந்தான். அங்கே நல்ல காற்றே போகாது, மூடி கலைத்துவிட்ட காற்றுதான் போகும். டிஃப்யூசர், அதாவது அடியில் ஓடிய காற்றை வால்பக்கம் விரித்து வெளியே விடும் சரிவு, இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப்பில் நாலு கோடு ஒட்டியிருந்தது. ரேடியேட்டருக்குக் காற்று நுழைய ஓட்டை எங்கே என்று கேட்டேன், 'எலெக்ட்ரிக் கார் சார்' என்றான். பேட்டரியும்தான் சூடாகும் தம்பி! மூக்கில் மட்டும் மூன்றடுக்கு இறக்கை. முன்னால் அவ்வளவு, பின்னால் ஒன்றுமில்லை என்றால் முதல் வேகவளைவிலேயே வால் சுற்றிக்கொள்ளும். ஆகவே தாளில் மொத்தப் படிவிசைக்கு ஒரு மார்க், முன்பின் பங்குக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு மார்க் வைக்கப் போகிறேன்.

இறக்கை இல்லாவிட்டால் மார்க்கே கிடையாது என்றும் நடுவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. நீண்டதூரப் பந்தயக் காரான பூஜோ 9எக்ஸ்8 பின்இறக்கையே இல்லாமல் 2022இல் இத்தாலியின் மோன்ஸாவில் களமிறங்கியது, கற்பனைப் படம் உயிரோடு வந்த மாதிரிதான் இருந்தது. 2024இல் அதற்கும் இறக்கை மாட்டிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஃபார்முலா ஒன் கார் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி வீடியோ கேமுக்காக வடிவமைத்த ரெட் புல் எக்ஸ்2010 சக்கரத்தை மூடி, ஓட்டுநரைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து, விசிறியும் போட்டது. விதிப்புத்தகம் இல்லையென்றால் கார் எப்படி இருக்கும் என்பதற்கு அது நேர்மையான பதில். திறந்த சக்கரம் காற்றை எவ்வளவு கலைக்கும் என்று யோசித்த பையன் கட்டாயம் அதை மூடியிருப்பான்.

டிராகுக்கு இழுவிசை வேண்டாம், பள்ளிப் பாடத்தில் அது கயிற்றில் இருக்கும் விசை. காற்றுத்தடை போதும்.

– பீளமேடு

---

தம்பிக்கு,

படிவிசை காதுக்கு நன்றாக இருக்கிறது, கண்ணுக்கு இடிக்கிறது. 'படி' என்றதும் வாசல்படியும் அளக்கிற படியும்தான் பையனுக்கு முன்னால் வரும். படிவு என்றாலோ ஆற்று வண்டல். அமுக்குவிசையை ஏன் ஒதுக்குகிறீர்கள்? அடியில் உறிஞ்சுகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, காற்றுக்கு இழுக்கத் தெரியாது. அடியில் அழுத்தம் குறைகிறது, மேலே இருக்கிற வளிமண்டலம் காரை அமுக்குகிறது. விசிறிக் காரிலும் அதேதான். இயற்பியல்படி உங்கள் மூன்று வகைக்கும் பொருந்துகிற சொல் அது ஒன்றுதான்.

– பொள்ளாச்சி

---

அண்ணா, நான் மாணவன். 2022இல் மெர்சிடிஸ் கார் நேர்பாதையில் குதிகுதியென்று குதித்ததே, அதற்கும் ஒரு சொல் வேண்டும். ஓங்கில் (டால்பின்) துள்ளுகிற மாதிரி இருப்பதால் ஓங்கில்துள்ளல் என்று வைக்கலாமா?

– ஈரோடு

---

ஐயா, இயற்பியல் நீங்கள் சொன்னதுதான், மறுக்கவில்லை. ஆனால் அமுக்குவது வளிமண்டலத்தின் வேலை, நான் மார்க் போடுவது டயருக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதற்கு. மேலே எவ்வளவு அமுக்கினாலும் கார் தூக்கிக்கொண்டு நின்றால் பயனில்லை. படி என்ற குழப்பம் வாஸ்தவம், அதற்குக் 'காற்றுப் படிவிசை' என்று முழுசாக ஒருமுறை எழுதிவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். காற்று என்று சேர்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தரையில் ஓடும் வேகத்தைவிடக் காற்று எதிரே வரும் வேகம்தான் கணக்கு, அதுவும் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மேற்கே பார்த்து ஓட்டினால் ஒரு படிவிசை, திரும்பி வரும்போது வேறு. விளக்க வரியில் 'வளிமண்டலம் அமுக்குவதால்' என்று உங்கள் சொல்லையும் போட்டுவிடுகிறேன்.

தம்பி, ஓங்கில் அழகான சொல், ஆனால் நம் பக்கம் கடல் ஏது, பாதிப் பேருக்கு அகராதி வேண்டும். கார் தாழ்ந்து, அடியில் காற்று நெரிந்து, படிவிசை விட்டுப்போய், மேலே எழுந்து, மறுபடி தாழ்கிறது. 'படிவிசைத் துள்ளல்' போதும்.

டிஃப்யூசரை டிஃப்யூசர் என்றே விடுகிறேன். வெள்ளிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது, வேறு ஆட்சேபம் இருந்தால் அதற்குள் எழுதுங்க.

– பீளமேடு