2004 ஆக்டேவியா ஆர்எஸ்: நீலப்புகை வருகிறது, இழுவை இல்லை. டர்போ மாற்றத்தான் வேண்டுமா?

தோப்புக்காரன்_ஆனைமலை

எல்லோருக்கும் வணக்கமுங்க. என்னிடம் இருப்பது 2004 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார். 1.8 லிட்டர் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி) பெட்ரோல், 150 குதிரைத்திறன், 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆறு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பித்தாகிவிட்டது. விற்கும் எண்ணம் இல்லை.

ஒரு மாதமாக மூன்றாவது கியரில் 3000 ஆர்பிஎம் தாண்டினால் வண்டி இழுப்பதில்லை. ஐடிலிங்கில் லேசாக ஆடுகிறது. வால்பாறை ஏற்றத்தில் அழுத்தி ஓட்டிவிட்டு அட்டகட்டியில் டீக்கு நிறுத்தினால் பின்னால் நீலப்புகை. போன வாரம் அப்படி நிறுத்தி பானெட்டைத் திறந்தபோது, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் தானாக ஒரு விரல் அளவு மேலே எழும்பி நின்றது. என்ஜின் லைட்டும் எரிகிறது. கோடு பி0171, காற்று அதிகம் பெட்ரோல் குறைவு என்று அர்த்தமாம்.

கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றி, உள்ளே விரல் விட்டு, விரலில் ஒட்டிய ஆயிலைக் காட்டி, "டர்போ சீல் போய்விட்டது, முழு டர்போவும் மாற்ற வேண்டும்" என்றார்கள். 85,000 ரூபாய் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானா?

ரிக்_டர்போ_திருச்செங்கோடு

தம்பி, 22 வருடமாக போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கும் கம்ப்ரசர்களுக்கும் டர்போ கழற்றி மாட்டுகிறேன். நீலப்புகை, ஹோஸில் ஆயில், இழுவை இல்லை. மூன்றும் சேர்ந்து வந்தால் டர்போதான். ஆனால் முழு டர்போ தேவையில்லை. நடுவில் இருக்கும் கோர் மட்டும் மாற்றி பேலன்ஸ் போட்டால் போதும், பாதிச் செலவில் முடியும். பெட்ரோல் டர்போவுக்கு டீசலை விடச் சூடு அதிகம், புகை போகும் பக்கம் 900 டிகிரியைத் தாண்டும். 20 வருடம் தாங்கியதே பெரிது. தள்ளிப் போட்டால் டர்போவுக்குள் சுழலும் வீல் உடைந்து துண்டு உள்ளே போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்காநல்லூர்_லாக்

அவசரப்பட்டு எதையும் கழற்ற வேண்டாம். டிப்ஸ்டிக் எழும்பியதை நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் பெரிது.

டர்போ கெட்டால் டிப்ஸ்டிக் ஏன் எழும்ப வேண்டும்? என்ஜினின் அடிவயிற்றில், அதாவது கிராங்க்கேஸில், அழுத்தம் ஏறினால்தான் அது எழும்பும். டர்போவின் ஷாஃப்டில் ரப்பர் சீல் எதுவும் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய வளையம் மட்டுமே. மேலிருந்து அழுத்தத்தோடு வரும் ஆயில் கீழே தன் எடையால் வடிந்து கிராங்க்கேஸுக்குப் போக வேண்டும். அங்கே அழுத்தம் இருந்தால் வடியாது, தேங்கும். தேங்கிய ஆயில் அந்த வளையத்தைத் தாண்டிப் புகை வழிக்குள் போகும். அப்போது புத்தம் புது டர்போவும் நீலப்புகை விடும். 85,000 கொடுத்து மாற்றினாலும் அடுத்த ஏற்றத்தில் இதே புகைதான் வரும்.

ஹோஸில் படிந்த ஆயிலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கிராங்க்கேஸின் ஆவி டர்போவுக்கு முன்னால் இருக்கும் ரப்பர் குழாயில்தான் வந்து சேர்கிறது. அது படிவது எல்லா டர்போ வண்டியிலும் உண்டு.

ஸ்கேனர் இருந்தால் இரண்டு பிளாக் (என்ஜின் கம்ப்யூட்டர் காட்டும் எண் பட்டியல்) படித்துப் போடுங்கள். 032-இல் பெட்ரோல் திருத்தம், அதாவது கம்ப்யூட்டர் தானாகக் கூட்டிக் குறைக்கும் சதவீதம். 115-இல் அது கேட்ட பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்), கிடைத்த பூஸ்ட். என்ஜின் கிளப்பாமல் சாவி மட்டும் போட்டு 115-இல் வரும் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு_பழையவண்டி

என்னிடம் இருப்பதும் இதே இனம்தான். என் கருத்து வேறு. 20 வருட வண்டியில் ஒவ்வொரு ஓட்டையாகத் தேடிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. வேக்குவம் ஹோஸ், கிராங்க்கேஸ் ஆவி போகும் பிரீதர் ஹோஸ், டைவர்ட்டர் வால்வு, பூஸ்ட் கட்டுப்படுத்தும் என்75 வால்வு, காற்றளவு சென்சார், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் நான்கு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், மூன்று வருடம் நிம்மதி.

தோப்புக்காரன்_ஆனைமலை

நண்பர் ஒருவரின் ஸ்கேனரை வாங்கிப் படித்தேனுங்க.

032: ஐடிலிங்கில் +6.2, ஓட்டத்தில் +13.3.
115: மூன்றாவது கியர், 3500 ஆர்பிஎம், முழுதாக மிதித்தபோது கேட்டது 1600 மில்லிபார், கிடைத்தது 1210.
என்ஜின் ஓடாமல்: 980.

சிங்காநல்லூர்_லாக்

கடைசி எண்ணிலிருந்து வருகிறேன். ஆனைமலை கடல் மட்டத்திலிருந்து 250 மீட்டர் அளவில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு 980 சரி. கோவையில் 965 ஒட்டி வரும், வால்பாறையில் 900-க்கும் கீழே. ஆகவே பூஸ்ட் சென்சார் பொய் சொல்லவில்லை. 1210-ஐ நம்பலாம்.

அடுத்து ஓட்டத்தில் வந்த +13.3. வெளிநாட்டுக் கணக்கைப் பார்த்தால் 10-க்கு மேல் போனாலே பயப்படச் சொல்வார்கள். ஆனால் நாம் ஊற்றுவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு 13.5 போதும். அதே காற்றுக்கு எட்டு ஒன்பது சதவீதம் கூடுதல் பெட்ரோல் தெளிக்க வேண்டியிருக்கிறது. 2004-இல் எழுதிய கணக்கு இதை அறியாது, திருத்தமாகத்தான் காட்டும். அதைக் கழித்தால் மிஞ்சுவது நான்கு ஐந்துதான்.

உண்மையான குற்றம் ஐடிலிங்கின் +6.2. அளக்கப்படாத காற்று, உள்ளே வரும் காற்றை மறிக்கும் கதவான திராட்டிலுக்குப் பின்னால் எங்கோ உள்ளே போகிறது. ஐடிலிங்கில் உறிஞ்சுகிற அதே ஓட்டை, பூஸ்ட் ஏறும்போது காற்றை வெளியே விடும். ஒரே ஓட்டை இரண்டு எண்ணையும் கெடுக்கும். காற்றளவு சென்சாரை இப்போதே மாற்றச் சொல்வதை நான் ஏற்கவில்லை. அது சோர்ந்திருந்தால் ஐடிலிங்கைவிட ஓட்டத்தின் எண்தான் பெரிதாக ஏறும்.

ரிக்_டர்போ_திருச்செங்கோடு

எண்ணெல்லாம் சரிங்க. ஷாஃப்ட் ஆடுகிறதா என்று உங்கள் ஸ்கேனர் சொல்லுமா? முன் ஹோஸைக் கழற்றி, ஷாஃப்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்க்காமல் டர்போ நல்லது என்று யாரும் சொல்லக் கூடாது. முன்னும் பின்னும் தள்ளினால் அசைவே தெரியக் கூடாது. பக்கவாட்டில் சிறிது ஆடலாம், ஆனால் வீல் சுவரில் உரசக் கூடாது. இது என் கை படித்த பாடம்.

சிங்காநல்லூர்_லாக்

அதில் எனக்கு மறுப்பே இல்லை அண்ணா, அதையும் பார்க்கத்தான் வேண்டும். எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

தோப்புக்காரரே, காற்று ஏற்றிப் பாருங்கள். டர்போவின் வாய்க்குப் பொருந்துகிற பிவிசி எண்ட் கேப் ஒன்று, அதில் துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வு. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரே போதும். 10 பிஎஸ்ஐக்கு மேல் போக வேண்டாம். சோப்புத் தண்ணீர் தெளித்து எங்கே நுரை கட்டுகிறது என்று பாருங்கள்.

தோப்புக்காரன்_ஆனைமலை

செய்தேன். காற்றளவு சென்சாரைக் கழற்றிவிட்டு ரப்பர் குழாயின் வாயில் கேப்பை மாட்டினேன். 5 பிஎஸ்ஐகூட நிற்கவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அந்த வழியாகக் காற்று சீறுகிறது.

ரிக்_டர்போ_திருச்செங்கோடு

பார்த்தீர்களா தம்பி. டர்போ வழியாகவோ பிஸ்டன் ரிங் வழியாகவோ கீழே இறங்குகிறது. இரண்டும் பெரிய வேலைதான்.

சிங்காநல்லூர்_லாக்

பொறுங்கள். அந்த ரப்பர் குழாயில் பிரீதர் வந்து சேர்கிற வாயை அடைத்தீர்களா?

தோப்புக்காரன்_ஆனைமலை

இல்லைங்க. அது தனியாக இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

சிங்காநல்லூர்_லாக்

அப்படியானால் இந்தச் சோதனை செல்லாது. நீங்கள் அடித்த காற்று அந்த வாய் வழியாக நேரே கிராங்க்கேஸுக்குத்தான் போயிருக்கிறது. யார் செய்தாலும் ஆயில் மூடியில் சீறும். நல்லவேளை அழுத்தம் ஏறவில்லை, ஏறியிருந்தால் கிராங்க் சீலைத் தள்ளியிருக்கும். என் தவறும் இருக்கிறது, முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பிரீதர் வாயை அடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். அப்போதும் ஆயில் மூடியில் பலமாகச் சீறினால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கையை விடுங்கள். கிராங்க்கேஸிலிருந்து மேனிஃபோல்டுக்கு வரும் பிரீதர் ஹோஸும், நடுவில் தட்டையாக ஒரு சின்ன வால்வும் இருக்கும்.

ரிக்_டர்போ_திருச்செங்கோடு

அப்படி ஒரு வால்வை நான் எந்த வண்டியிலும் பார்த்ததில்லையே.

சிங்காநல்லூர்_லாக்

நீங்கள் கை வைப்பது டீசல் என்பதால்தான் அண்ணா. அந்த என்ஜின்களில் காற்றை மறிக்கும் திராட்டில் இல்லை, மேனிஃபோல்டில் வேக்குவம் உண்டாவதில்லை. அதனால் இந்த வால்வுக்கு வேலையும் இல்லை. பெட்ரோலில் ஐடிலிங்கின்போது மேனிஃபோல்டு உறிஞ்சும், கிராங்க்கேஸ் ஆவியை அந்த வழியாக இழுத்து எரிக்கிறார்கள். டர்போ வேலை செய்யும்போது அதே மேனிஃபோல்டில் அழுத்தம். அது திரும்பிக் கீழே போகாமல் தடுப்பதுதான் வால்வு. அது மூடாவிட்டால் பூஸ்ட் முழுக்க அடிவயிற்றுக்குப் போய் டிப்ஸ்டிக்கைத் தள்ளும்.

தோப்புக்காரன்_ஆனைமலை

கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு மாதிரி என்று சொல்லுங்கள். புரிந்துவிட்டது.

தோப்புக்காரன்_ஆனைமலை (மறுநாள் மாலை)

பிரீதரை அடைத்துவிட்டுச் செய்தேன். ஆயில் மூடியில் இன்னும் சீறல். மேனிஃபோல்டுக்கு அடியில் கை நுழையவே இடமில்லை, முழங்கை வரை கீறல். அந்த ஹோஸ் மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கீழ்ப்பக்கத்தை அழுத்தியதும் விரல் உள்ளே போய்விட்டது. இழுத்தால் புட்டு மாதிரி உதிர்ந்து கையில் வந்தது, உட்பக்கம் தார் போலப் பிசுபிசுப்பு. வால்வைத் துடைத்து வாயில் வைத்து ஊதினேன். ஒரு பக்கமிருந்து காற்று போனது. திருப்பி ஊதினேன், அப்போதும் தடையில்லாமல் போனது.

டர்போவுக்கு முன்னால் சேரும் பிரீதர் குழாயின் வளைவிலும் கசடு கட்டிப் பாதி அடைத்திருந்தது.

சிங்காநல்லூர்_லாக்

இதுதான். கசடு அடைத்ததால் அழுத்தத்துக்கு வேறு வழியும் இல்லை, அதனால்தான் டிப்ஸ்டிக் வரை வந்தது. ஆயிலையும் ஃபில்டரையும் இப்போதே மாற்றுங்கள். முழு சிந்தெடிக் 5டபிள்யூ-40. இந்த என்ஜினில் சாதாரண ஆயிலை நீண்ட நாள் ஓட்டினால் இப்படித்தான் கசடாகும்.

ஈரோடு_பழையவண்டி

நான் முதலிலேயே சொன்ன பட்டியலில் பிரீதர் ஹோஸ் இருந்தது! இத்தனை நாள் அளந்து கண்டுபிடித்ததை நான் ஒரே நாளில் மாற்றியிருப்பேன். கோவையில் நல்ல சிலிக்கான் ஹோஸ் கிடைக்கிறது, எல்லா இடத்துக்கும் அதையே போட்டுவிடுங்கள்.

சிங்காநல்லூர்_லாக்

உங்கள் பட்டியலில் ஹோஸ் இருந்தது, வால்வு இல்லை. ஹோஸை மட்டும் மாற்றியிருந்தால் ஐடிலிங் சரியாகியிருக்கும், புகை நின்றிருக்காது. அப்புறம் டர்போமேல்தான் பழி விழுந்திருக்கும். பிரீதருக்கு வெறும் சிலிக்கான் கூடவே கூடாது. ஆயில் ஆவி பட்டால் ஊறி மெத்தென்று ஆகிவிடும். ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர்தான் சரி. இன்டர்கூலர் பக்கத்துக்குச் சிலிக்கான் போடலாம்.

ஆனால் வேக்குவம் ஹோஸ்களை மொத்தமாக மாற்றச் சொன்னீர்களே, அதை ஏற்கிறேன். மீட்டர் கணக்கில் வாங்கினால் சில நூறு ரூபாய், ஒரு மாலை வேலை. சென்சாரும் காயிலும் அப்படியல்ல. நல்லதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்டியில் வந்ததை மாட்டுகிறோம், அது அசல்தானா என்பதே தெரியாது.

ஈரோடு_பழையவண்டி

சிலிக்கான் விஷயம் எனக்குத் தெரியாது, என் வண்டியில் போட்டதை நாளைக்கே பார்க்கிறேன். காயில் பற்றி மட்டும் என் கருத்து மாறாது. பண்ணாரி தாண்டி திம்பம் வளைவில் மழை இரவில் ஒரு காயில் போய், மூன்று சிலிண்டரில் குடும்பத்தோடு ஏறியவன் நான். டிக்கியில் ஒன்றாவது கூடுதலாக வைத்திருங்கள்.

தோப்புக்காரன்_ஆனைமலை (ஒன்பது நாள் கழித்து)

வால்வு வர ஒரு வாரம் ஆனது. வால்வு, பிரீதர் ஹோஸ் இரண்டு, வேக்குவம் ஹோஸ் எல்லாம், ஆயில், ஃபில்டர். மொத்தம் 11,400 ரூபாய். மாட்டும்போதே முன் ஹோஸைக் கழற்றி ஷாஃப்டையும் விரலால் பார்த்தேன். முன்பின் அசைவு இல்லை. பக்கவாட்டில் சிறிது ஆடுகிறது, உரசவில்லை. வீலில் கீறலும் இல்லை.

இன்று ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது வளைவும் ஏறினேன். கேட்டது 1600, கிடைத்தது 1580. ஐடிலிங் திருத்தம் +0.9, ஓட்டத்தில் +8.8. அட்டகட்டியில் நிறுத்திப் பின்னால் போய் நின்று பார்த்தேன். முதல் இரண்டு நிமிடம் மெல்லிய புகை, குழாயில் தேங்கிய பழைய ஆயிலாக இருக்கும். வால்பாறையில் நிறுத்தியபோது அதுவும் இல்லை. டிப்ஸ்டிக் அதன் இடத்திலேயே இருந்தது. அங்கே சாவி போட்டு அழுத்தமும் பார்த்தேன், 896.

ரிக்_டர்போ_திருச்செங்கோடு

சந்தோஷம் தம்பி. அந்த வால்வு எனக்குப் புதிது, தெரிந்துகொண்டேன். பக்கவாட்டு ஆட்டத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். 5,000 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். கூடியிருந்தால் டர்போவை மட்டும் கழற்றி திருச்செங்கோட்டுக்குக் கொண்டு வாருங்கள், டயல் கேஜ் வைத்து அளந்து சொல்கிறேன்.

தோப்புக்காரன்_ஆனைமலை

கண்டிப்பாக வருகிறேனுங்க அண்ணா. கிலோமீட்டரைக் குறித்து வைத்துவிட்டேன்.