குறைந்த காசில் பிராக், வியன்னா, புடாபெஸ்ட்: வழியில் சந்தித்தவர்கள்

ஜெர்மனியின் டிரெஸ்டனில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, குளிர்கால செமஸ்டர் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முந்தைய மார்ச் மாதத்தில், நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செக் நாட்டின் பிராக், ஆஸ்திரியாவின் வியன்னா, ஹங்கேரியின் புடாபெஸ்ட் என்று மூன்று ஊர்கள் போய்வந்தோம். நான் ஈரோடு. தோழி ஒருத்தி திருநெல்வேலி. மற்ற இருவரில் ஒருவன் கோட்டயத்துக்காரன், இன்னொருவன் டாக்காவிலிருந்து வந்தவன். விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டிவைக்கிற பிளாக்டு அக்கவுன்டிலிருந்து மாதாமாதம் விடுவிக்கப்படும் 992 யூரோவில் வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாவற்றையும் சமாளிக்கிற ஆட்கள்தான் எல்லோரும்.

காசு குறைவு என்பதால் நாங்கள் போய்ச் சேர்ந்த இடங்கள் ஒரே மாதிரி இருந்தன: எல்லா நிலையத்திலும் நிற்கிற ரயில், ஹாஸ்டல் சமையலறை, நின்றுகொண்டே பார்க்கும் டிக்கெட். அந்தந்த ஊர்க்காரர்கள் புழங்குகிற இடங்களும் இவைதான். பேசுவதற்கு அவர்களுக்கு நேரமும் இருக்கிறது. நாங்கள் பார்த்த கட்டடங்களின் படங்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும். அதனால் சந்தித்தவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

டிரெஸ்டனிலிருந்து பிராகுக்கு விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம் போதும். ஆனால் மாணவர்களுக்கான பயணச்சீட்டான எங்கள் செமஸ்டர் டிக்கெட் எல்லை வரைக்கும் உள்ளூர் ரயிலில் செல்லும். ஆகவே எஸ்1 ரயிலில் பாட் ஷாண்டாவ் போய், அங்கிருந்து எல்லை தாண்டி டெச்சீன் என்ற செக் ஊருக்குப் போகும் சின்ன ரயிலுக்கு மாறி, செக் பகுதிக்கு மட்டும் தனியாக டிக்கெட் எடுத்துக்கொண்டோம். பிர்னாவைத் தாண்டியதும் தண்டவாளம் எல்பே ஆற்றை ஒட்டியே போகிறது. கரையோரம் மணற்பாறைகள் தூண் தூணாக நிற்கின்றன.

எங்களுக்கு எதிரே எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய முதுகுப்பையிலிருந்து முடிச்சுப் போட்ட கயிற்று வளையங்கள், பருத்ததும் மெலிந்ததுமாக, கொத்தாகத் தொங்கின. எதற்கு என்று கோட்டயத்துக்காரன் கேட்டான். அவர் பதில் சொல்லாமல், அவன் கையை முஷ்டியாக்கி விரல்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விடச் சொன்னார். ஒரு வளையத்தின் முடிச்சை அந்த இடைவெளியில் மேலிருந்து நுழைத்து, கீழே இழுத்தார். முடிச்சு சிக்கி நின்றுவிட்டது. "இன்னும் இழு" என்றார். அவன் தன் மற்றொரு கையால் இழுத்துப் பார்த்தான், வரவில்லை. "நான் கீழே விழுந்தால் என்னைப் பிடிப்பது இதுதான்" என்றார்.

அந்தப் பாறைகளில் ஏறுவதற்கென்று தனி விதிகள் உண்டாம். விரிசலில் இரும்பு ஆப்பு செருகக்கூடாது, பாறை உடைந்துவிடும். கையில் சுண்ணப்பொடி தடவக்கூடாது. மழை பெய்து பாறை நனைந்திருந்தால் ஏறவே கூடாது, ஈரத்தில் மணற்பாறை வலுவிழந்துவிடும். பாட் ஷாண்டாவைச் சேர்ந்த உடற்பயிற்சிக் குழுவினர் 1864-ல் ஃபால்கன்ஷ்டைன் என்ற பாறையில் ஏறியதிலிருந்து இந்த மரபு வருகிறது. கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் ஆல்ப்ஸ் பக்கம் அவர்களால் போக முடியாது. அதனால் இந்தப் பாறைகளே தங்களுக்கு எல்லாமாக இருந்தன என்றார்.

நாங்கள் புடாபெஸ்ட் வரை போகிறோம் என்றதும் அவர் முகம் மாறியது. இளவயதில் நண்பர்களோடு ரயிலில் அங்கே போயிருக்கிறாராம். அவர்களுக்கு அப்போது அதுவே பெரிய வெளியூர். எவ்வளவு பணம் மாற்றலாம் என்பதற்கு அரசாங்கம் அளவு வைத்திருந்ததால், பை நிறைய டின் உணவு எடுத்துப் போனார்களாம். எங்கள் பையில் அரிசி மாவு, ஊறுகாய், புளிக்காய்ச்சல் பாட்டில் இருப்பதைத் தோழி எடுத்துக் காட்டினாள். அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு, 1989 செப்டம்பர் 11-ல் ஹங்கேரி ஆஸ்திரிய எல்லையைத் திறந்துவிட்டபோது தன் தம்பி அந்த வழியாகத்தான் மேற்கே போனான் என்றும், இவர் பெற்றோரோடு இருந்துவிட்டார் என்றும் சொன்னார். ராட்டன் நிலையத்தில் இறங்கிக்கொண்டார். அங்கே ஆற்றைக் கடக்க ஒரு படகு இருக்கிறது, கம்பிவடத்தில் கட்டப்பட்டு, மோட்டார் இல்லாமல் ஆற்று நீரோட்டத்தின் வேகத்திலேயே அக்கரை போய்ச் சேரும். விரைவு ரயிலில் போயிருந்தால் இவரைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

பிராக் பற்றி முதலில் ஒரு எச்சரிக்கை. அங்கே யூரோ கிடையாது, கொருனாதான். ஒரு மாற்றுக் கடையில் 'கமிஷன் 0 சதவீதம்' என்று பெரிதாக எழுதியிருந்ததைப் பார்த்து டாக்கா நண்பன் 100 யூரோ மாற்றினான். கிட்டத்தட்ட 2,500 கொருனா வந்திருக்க வேண்டும். வந்தது 1,800 சொச்சம். அவனுக்கு அது இரண்டு இரவுப் படுக்கைக் காசு. ஹாஸ்டலுக்கு வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

வரவேற்பு மேசையில் வேலை பார்த்த செக் மாணவி விஷயத்தைக் கேட்டதும், "ரசீது இருக்கிறதா? எத்தனை மணிக்கு மாற்றினாய்?" என்று கேட்டாள். 2019 ஏப்ரலிலிருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 1,000 யூரோவுக்கு உட்பட்ட பணமாற்றம் என்றால், மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போய் ரத்து செய்துவிடலாம், கடைக்காரர் மறுக்க முடியாது. அவள் ஒரு சீட்டில் செக் மொழியில் இரண்டு வரி எழுதிக் கொடுத்து, "இதைக் காட்டு, சத்தம் போடாதே, ஓடு" என்றாள். கடைக்காரர் சீட்டைப் படித்தார், ரசீதைப் பார்த்தார், பேசாமல் 100 யூரோவை எடுத்து வைத்தார். தெருவில் காதருகே வந்து 'நல்ல ரேட்' என்பவர்களிடம் மட்டும் இந்தச் சட்டம் உதவாது. அவர்கள் வேறொரு நாட்டு நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஏடிஎம்மில் எடுக்கும்போது 'யூரோவில் கணக்கிடவா' என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கொருனாவிலேயே எடுங்கள்.

1357-ல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தை விடியற்காலையில் போய்ப் பார்க்கச் சொன்னதும் அந்த மாணவிதான். ஏழு மணிக்கு முன்னால் போனால் 30 சிலைகளையும் நின்று நிதானமாகப் பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் தலைகள் மட்டும்தான் தெரியும்.

அன்று இரவு ஹாஸ்டலில் புளியோதரை. அந்த ஊர்க் கடையில் அரிசி, துளை போட்ட பிளாஸ்டிக் பையோடு விற்கிறார்கள், பையோடு கொதிநீரில் போட வேண்டும். தோழி பையைக் கிழித்து நம் வழியில் வடித்தாள். புளிக்காய்ச்சலைச் சூடாக்கியதும் பக்கத்து அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "இது புளிதானே?" என்றாள். மெக்சிகோவின் குவாதலஹாராக்காரி, ஸ்பெயினில் படிக்கிறாளாம். மெக்சிகோவில் புளி அன்றாடப் பொருள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. எங்களோடு தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மூன்று முறை போட்டுச் சாப்பிட்டாள். பிறகு பையிலிருந்து மிளகாய்ப்பொடியும் உப்பும் சர்க்கரையும் புரட்டிய புளி மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூட வாசலில் பாட்டி ஒருத்தி குச்சியில் குத்தி விற்ற புளி உருண்டை மாதிரியே இருக்கிறது என்றாள் திருநெல்வேலிக்காரி. கிளம்பும்போது பாதி பாட்டில் புளிக்காய்ச்சலை அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வியன்னா விலை அதிகமான ஊர் என்று பயந்துதான் போனோம். குடிதண்ணீருக்கு அங்கே காசே வேண்டாம். 1873-ல் போட்ட குழாய் வழியாக ஆல்ப்ஸ் ஊற்றுநீர் ஊருக்குள் வருகிறது, குழாயில் பிடித்துக் குடிக்கலாம். சாப்பாட்டுக்கு லீக்டன்ஷ்டைன் தெருவில் 'வீனர் தீவான்' என்ற பாகிஸ்தானிய உணவகம். வேண்டுமளவு சாப்பிடலாம், முடித்தபின் நமக்கு நியாயம் என்று படுகிற தொகையைக் கொடுக்கலாம். தயவுசெய்து நியாயமாகக் கொடுங்கள். மாணவர்கள் எல்லோரும் ஒரு யூரோ வைத்துவிட்டுப் போனால் அப்படியொரு இடம் நிலைக்காது.

ஆனால் வியன்னாவில் எனக்கு மறக்காதது அரசு ஆபெரா என்ற இசை நாடக அரங்கின் நிற்கும் டிக்கெட். உட்காரும் நல்ல இடம் 200 யூரோவைத் தாண்டும். நிற்கும் இடத்துக்கு நாங்கள் கொடுத்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்றன்றைக்கு விற்பார்கள், விற்பனை நேரத்தை முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் நிற்கும் இடம் மேடைக்கு நேர் எதிரே, நடு மாடத்துக்குக் கீழே இருக்கிறது. முதன்முதலாக அதற்குள் நுழைந்து எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றபோது, நரைத்த முடியைக் கொண்டை போட்ட ஒரு பாட்டி தோழியின் கழுத்தைக் காட்டி, "அதைக் கழற்று" என்றார்.

துப்பட்டாவைத்தான் சொன்னார். முன்னால் இருக்கிற கம்பியில் துணியைக் கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது, ஆட்டம் தொடங்கும்வரை வெளியே போய் வரலாம், யாரும் தொடமாட்டார்கள். அவரே துப்பட்டாவைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தார். பக்கத்தில் வரிசையாகக் கம்பளிச் சால்வைகள், நடுவில் எங்கள் மஞ்சள் துப்பட்டா. ஒவ்வொரு இடத்துக்கு முன்னாலும் சின்னத் திரை இருக்கிறது, பாட்டின் பொருள் அதில் ஓடும். மொழி மாற்றுவதையும் அவர்தான் காட்டிக் கொடுத்தார்.

இடைவேளையில் அவர் தன் கதையைச் சொன்னார். 1945 மார்ச் 12 குண்டுவீச்சில் அந்தக் கட்டடம் எரிந்துபோனது. பத்து வருஷம் கழித்து 1955 நவம்பர் 5-ல் மறுபடி திறந்தார்கள். உள்ளே போக முடியாத ஜனங்களுக்காக வெளியே ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். இவர் அப்போது சின்னப் பெண், அப்பாவின் தோளில் உட்கார்ந்து தெருவிலிருந்தே கேட்டாராம். பிறகு வேலைக்குப் போய்ச் சம்பாதித்த காலத்திலும் நிற்கும் இடத்துக்குத்தான் வருகிறார். "உட்கார்ந்தால் தூக்கம் வரும். இங்கே நிற்பவர்கள் பாட்டுக்காக மட்டும் வந்தவர்கள்." கடைசி அங்கத்தில் கால் வலி தாங்காமல் நான் ஷூவைக் கழற்றினேன். அவர் அதற்கும் முன்னாலேயே கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

புடாபெஸ்டில் எல்லோரும் போகிற குளியல் மண்டபத்தின் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. டான்யூப் கரையில் நடந்தோம். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், கரை விளிம்பில், இரும்பில் வார்த்த 60 ஜோடிக் காலணிகள் இருக்கின்றன. 1944–45-ல் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைப் படையினர் யூதர்களைக் காலணிகளைக் கழற்றச் சொல்லிவிட்டு ஆற்றோரம் நிறுத்திச் சுட்டார்கள், அதன் நினைவாக 2005-ல் வைத்தது. அங்கே ஒரு அப்பா தன் மகனிடம் ஹங்கேரிய மொழியில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். பையன் குனிந்து, ஒரு குழந்தைக் காலணிக்குள் கிடந்த காகிதக் குப்பையை மட்டும் எடுத்துவிட்டு, உள்ளே இருந்த வாடிய பூவை அப்படியே விட்டான். நாங்கள் அங்கே படம் எடுக்கவில்லை.

மறுநாள் போனது குழந்தைகள் ரயிலுக்கு. இதை யாரும் தவறவிடாதீர்கள். 1874-லிருந்து இருக்கிற பல்சக்கர ரயிலில் மலை ஏறி, அங்கிருந்து காட்டுக்குள் போகும் குறுகிய பாதை ரயிலைப் பிடிக்க வேண்டும். சுமார் 11 கிலோமீட்டர் தூரம், 1948-ல் ஓடத் தொடங்கியது. இஞ்சின் ஓட்டுவது பெரியவர்கள். டிக்கெட் கொடுப்பது, பரிசோதிப்பது, சிக்னல் கவனிப்பது, ரயிலை அனுப்பிவைப்பது எல்லாம் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள், பெரியவர்களின் மேற்பார்வையில். படிப்பில் நன்றாக இருக்க வேண்டும், பயிற்சி எடுத்துத் தேர்வும் எழுத வேண்டும்.

ஜன்னலில் டிக்கெட் கொடுத்த சிறுமிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நாங்கள் கொடுத்த ஃபோரின்ட் சில்லறையை அவசரமில்லாமல் இரண்டு தடவை எண்ணினாள். பின்னால் வரிசை நீண்டது, அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கணக்குச் சரியானதும் நான்கு டிக்கெட்டையும் ஓரம் தட்டிச் சேர்த்துக் கொடுத்தாள். ரயில் நகர்ந்தபோது நடைமேடையில் நின்ற சிறுவன் தொப்பியில் கை வைத்து சல்யூட் அடித்தான், கடைசிப் பெட்டி போகும்வரை கையை இறக்கவில்லை. திருநெல்வேலித் தோழியின் அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இதையெல்லாம் அவருக்கு வீடியோ எடுத்து அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. "பாயின்ட் மாத்துறது யாரும்மா? அந்தப் பையன் லாக் ஆச்சான்னு பாத்தானா?" டிக்கெட் பரிசோதிக்க வந்த பையனிடம் அவள் ஆங்கிலத்தில் கேட்க, அவன் விளக்க, அவள் தமிழில் அப்பாவுக்குச் சொல்ல, கடைசி நிலையமான ஹூவோஷ்வெல்ட்யு வரும்வரை அந்தப் பேச்சுதான். இறங்கும்போது அந்தப் பையன் போனைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தான். அப்பா பதிலுக்கு அடித்தார்.

திரும்பும்போது புடாபெஸ்டிலிருந்து பிராக் வழியாக ரயில், முன்கூட்டியே பதிவு செய்ததால் மலிவு. 2023 அக்டோபரிலிருந்து ஜெர்மனி செக் எல்லையில் சோதனை நடத்துகிறது. பாட் ஷாண்டாவில் போலீஸ் ஏறி எல்லோரிடமும் ஆவணம் கேட்டார்கள். எங்கள் பெட்டியில் இருந்த ஒரு மாணவர் போனில் படம் மட்டும் வைத்திருந்தார், அவரை இறக்கி விசாரித்தார்கள். பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி அட்டை இரண்டும் அசலாகக் கையில் இருக்கட்டும்.

அடுத்து போலந்தின் க்ராகோவ் போக ஆசை. அங்கே 'பால் கடை' என்று பேர் வைத்த மலிவு விலை உணவகங்கள் இருக்கின்றனவாம், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த, கொழுக்கட்டை மாதிரியான பியெரோகி சைவக்காரர்களுக்கும் ஆகும். போனவர்கள் இருந்தால், எந்தப் பக்கம் தங்கினீர்கள், அங்கே யாரிடம் பேச வாய்த்தது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.