ஏற்காட்டில் படித்த சசி தரூரை தூதர் என்று சொல்லலாமா?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
சின்ன வயதில் ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியில் படித்தவர் என்பதற்காக, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு சசி தரூரைப் பெரிய தூதர் என்று காட்டுகிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. அவர் வெளியுறவுப் பணியில் சேரவே இல்லை; 1978 முதல் 2007 வரை ஐ.நா.வில் வேலை பார்த்தவர். தூதர் என்றால் ஜெய்சங்கர்: வெளியுறவுப் பணியில் 1977 பேட்ச், சீனாவில் நான்கரை வருஷம் தூதர், அப்புறம் அமெரிக்காவில், 2015-ல் வெளியுறவுச் செயலர்.

ஏற்காடு காபித்தோட்டம்:
வாத்தியாரே, பதவிப் பெயரை வைத்து அளக்காதீர்கள். 1981 முதல் 1984 வரை சிங்கப்பூரில் ஐ.நா. அகதிகள் அலுவலகத்துக்குத் தலைவர் அவர். வியட்நாமிலிருந்து படகில் தப்பியவர்களை நடுக்கடலில் சரக்குக் கப்பல்கள் ஏற்றிக்கொண்டு வரும். வேறொரு நாடு அவர்களை எடுத்துக்கொள்வதாக உறுதி தந்தால்தான் சிங்கப்பூர் கரையில் இறங்க விடும். கப்பல் நிற்க நிற்க முதலாளிக்கு நஷ்டம். அந்த பயத்தில், அடுத்த தடவை படகைப் பார்த்தாலும் கேப்டன் நிறுத்தாமல் போய்விடலாம். கப்பல்காரரிடமும் சிங்கப்பூர் அரசிடமும் ஏதோ ஒரு தூதரகத்திடமும் மாறி மாறிப் பேசி ஆட்களை இறக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது 25. இது தூது இல்லையா?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
அகதிகள் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2006-ல் ஐ.நா. பொதுச் செயலாளர் பதவிக்கு இந்தியாவே நிறுத்தியும் பான் கி மூனிடம் தோற்றார். பான் அப்போது தென்கொரியாவின் வெளியுறவு அமைச்சர். ஒரு நாட்டுக்காகப் பேசிப் பழகியவர்தானே ஜெயித்தார்?

நெத்திமேடு செல்வி:
அண்ணா, ஐ.நா. பாதுகாப்புச் சபையில் நடந்த அக்டோபர் 2 வாக்கெடுப்பைப் பாருங்கள். 15 நாடுகளில் தரூருக்கு ஆதரவு 10, தேவை 9. எதிர்த்தது மூன்றுதான், ஆனால் அதில் ஒன்று வீட்டோ, அதாவது தனியாகவே தடுக்கும் அதிகாரம், உள்ள நாடு. பானுக்கு 14, எதிர்ப்பே இல்லை. தரூர் விலகிக்கொண்டார். ஒரே ஒரு வீட்டோவை வைத்து 29 வருஷ உழைப்பை எடைபோடுவதா?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
நான் அவரைக் குறைத்துச் சொல்லவில்லை, தங்கச்சி. என்னிடம் அம்மாப்பேட்டை தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி படிக்கிறாள். தரூர் 22 வயதில் அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்த வழி இவளுக்கு எங்கே இருக்கிறது? வெளியுறவுப் பணிக்குப் போக யூபிஎஸ்சி தேர்வு இருக்கிறது. அதைத்தான் காட்டுவேன்.

ஏற்காடு காபித்தோட்டம்:
நியாயம்தான். அந்தக் கப்பல் கதையையும் அவளிடம் சொல்லிவிட்டு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.